இங்கிலாந்தில் ஒரு பகல் நடை, ஓர் இரவு டென்ட்: எங்கே, எப்படி?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜூன் மாதம் லண்டன் வருகிறீர்கள், இரண்டு நாள் கையில் இருக்கிறது. ஒரு பகல் முழுக்கக் கிராமப்புறத்தில் முதுகுப்பையோடு நடந்து, இரவு டென்ட் போட்டுத் தூங்கி, மறுநாள் திரும்ப வேண்டும். எந்தப் பாதை நல்லது, டென்டை நினைத்த இடத்தில் போடலாமா, சைவச் சாப்பாட்டுக்கு என்ன வழி, தனியாகப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பாதை ஒன்றுதான் சொல்வேன்: ரிட்ஜ்வே. லேக் டிஸ்ட்ரிக்ட் போங்கள், கார்ன்வால் கடற்கரை போங்கள் என்று நிறையப் பேர் சொல்வார்கள், இரண்டும் அருமையான இடங்கள்தான். ஆனால் இரண்டு நாளில் ஏறக்குறைய ஒரு நாள் ரயிலிலும் பேருந்திலும் போய்விடும். ரிட்ஜ்வேக்கு லண்டன் பாடிங்டனில் காலையில் ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் ஸ்விண்டன், அங்கிருந்து மார்ல்பரோ போகும் பேருந்தில் ஏறி ஆக்போர்ன் செயின்ட் ஜார்ஜ் என்ற கிராமத்தில் இறங்கினால் பாதை அங்கேயே கிடைத்துவிடும்.

பாதைக்குள் போகும் முன் சட்டத்தைப் பார்த்துவிடுவோம். எவ்வளவு தூரம் நடப்பது, எங்கே நிறுத்துவது, எத்தனை மணிக்குக் கிளம்புவது எல்லாவற்றையும் முடிவு செய்வது அதுதான். இங்கிலாந்தில் நடப்பதற்கு உங்களுக்கு இருக்கும் உரிமை மிகப் பெரியது, படுப்பதற்கு இருக்கும் உரிமை ஏறக்குறைய பூஜ்யம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்துச் சுமார் 2,25,000 கி.மீ. நீளத்துக்குப் பொதுவழிகள் இருக்கின்றன. இதில் பெரும்பகுதி தனியார் நிலத்துக்குள் போகிறது, கோதுமை வயலின் நடுவே, ஆட்டுப் பட்டிக்குள்ளே, சில இடங்களில் ஒருவர் வீட்டு ஜன்னலை ஒட்டியே. நிலம் அவருடையது, வழி எல்லோருடையது. வயலை உழுதால் அதன் குறுக்கே போகும் பாதையை விவசாயி 14 நாளுக்குள் மறுபடி நடக்கும்படி ஆக்கித் தர வேண்டும், அது குறைந்தது ஒரு மீட்டர் அகலம் இருக்க வேண்டும் என்று 1980ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டம் சொல்கிறது. ஆளுயரப் பயிருக்கு நடுவே பாதை போகிறதே, மிதித்தால் யாராவது திட்டுவார்களோ என்று புதிதாக வருபவர்கள் வரப்போரமாகச் சுற்றிக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன். அப்படிச் சுற்றினால்தான் தப்பு. பாதை நேராக இருந்தால் நேராகவே போங்கள்.

2000ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று மலை, புல்வெளிக் குன்று, தரிசு, பொதுமேய்ச்சல் நிலம் என்று வரைபடத்தில் குறித்த இடங்களில் பாதையை விட்டு விலகியும் நடக்கலாம் என்று அனுமதி கொடுத்தது. அப்படிப்பட்ட நிலம் இங்கிலாந்தின் பரப்பில் சுமார் 8 சதவீதம். அங்கேயும் டென்ட் போடும் உரிமை கிடையாது. நில உரிமையாளரின் அனுமதி வேண்டும், அவ்வளவுதான் சட்டம். ஸ்காட்லாந்தில் கதையே வேறு, 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி பெரும்பாலான திறந்த நிலத்தில் பொறுப்பாக டென்ட் போடலாம். இணையத்தில் யாராவது ‘பிரிட்டனில் எங்கே வேண்டுமானாலும் டென்ட் போடலாம்’ என்று எழுதியிருந்தால் அவர் ஸ்காட்லாந்தை மனதில் வைத்து எழுதியிருப்பார். இங்கிலாந்தில் இதற்கு ஒரே பெரிய விலக்கு டார்ட்மூர் தேசியப் பூங்கா. அங்குள்ள பொதுமேய்ச்சல் நிலங்களில் 1985ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் பேரில் மக்கள் டென்ட் போட்டுவந்தார்கள். நில உரிமையாளர் ஒருவர் வழக்குப் போட, 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் அந்த உரிமை இல்லை என்றது, அதே ஆண்டு ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் உண்டு என்றது, கடைசியில் 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமும் உண்டு என்று முடித்துவைத்தது. ஒரு புல்வெளியில் ஓர் இரவு படுக்கலாமா கூடாதா என்பது நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது என்றால் இந்த விஷயம் இவர்களுக்கு எவ்வளவு சூடானது என்று பார்த்துக்கொள்ளுங்கள். (இது இன்று நேற்று வந்த சூடும் இல்லை. 1932 ஏப்ரலில் கிண்டர் ஸ்கவுட் மேட்டில் நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் வேண்டுமென்றே அத்துமீறி நுழைந்து நடந்தார்கள், சிலர் சிறைக்கும் போனார்கள். தேசியப் பூங்காக்களுக்கான 1949ஆம் ஆண்டுச் சட்டம் வந்ததில் அந்த மாதிரிப் போராட்டங்களுக்கும் பங்கு உண்டு.)

நடைமுறை சட்டத்தைவிடக் கொஞ்சம் இளக்கமானது. லேக் டிஸ்ட்ரிக்டில் கடைசிக் கல்வேலிக்கு மேலே, இருட்டிய பிறகு போட்டு விடியும்போது கிளம்பிவிட்டால் யாரும் கேட்பதில்லை. ரிட்ஜ்வேயின் மேற்குப் பாதியிலும் பாதையோரமாக ஒரு சிறிய டென்ட், ஒரே ஓர் இரவு, நெருப்பு இல்லை, குப்பை இல்லை என்றால் பெரும்பாலான நில உரிமையாளர்கள் கண்டுகொள்வதில்லை. ஆனால் கண்டுகொள்ளாமல் விடுவது வேறு, உரிமை வேறு. வந்து ‘எடுங்கள்’ என்றால் இரவு பதினொரு மணியானாலும் எடுத்துத்தான் ஆக வேண்டும். சும்மா டென்ட் போட்டது பொதுவாகக் குற்றவியல் விவகாரம் ஆகாது, உரிமையியல் விவகாரம்தான். போகச் சொன்னால் மரியாதையாகப் போய்விட்டால் அத்தோடு முடிந்தது. இருந்தாலும் விசாவில் வருபவர், ஊர் தெரியாதவர், முதல் தடவை. உங்களுக்கு என் யோசனை, பண்ணைக்காரர் ஒருவரிடம் முன்கூட்டியே பேசி இடம் உறுதி செய்துகொள்ளுங்கள். 2023 ஜூலையிலிருந்து இங்கிலாந்தில் பல நிலங்களில் ஆண்டுக்கு 60 நாள் வரை, 50 டென்டுகளுக்குள், முழுத் திட்ட அனுமதி வாங்காமலேயே தற்காலிக முகாம் நடத்தலாம் என்று விதி வந்திருக்கிறது. அதனால் கோடையில் பண்ணைகள் பல ஒரு வயலைப் புல் வெட்டித் திறந்துவைக்கின்றன. ஒரு குழாய், ஒரு தற்காலிகக் கழிப்பறை, அவ்வளவுதான் வசதி. ஆளுக்குப் பெரும்பாலும் 10 முதல் 20 பவுண்டுக்குள் முடிந்துவிடும். முகாமாக அறிவிக்காத பண்ணைக்கும் போன் செய்து ‘நடந்து வருகிறேன், ஒரே ஆள், சின்ன டென்ட், காலை ஏழு மணிக்குப் போய்விடுவேன்’ என்று சொன்னால் பலர் சரி என்பார்கள். ‘நடந்து வருகிறேன்’ என்பது முக்கியம். காரில் வருபவருக்கு இல்லை என்று சொல்லும் அதே ஆள் நடந்து வருபவருக்கு மூலையில் ஓர் இடம் காட்டுவார்.

இனி பாதை. ரிட்ஜ்வே ஏவ்பரி பக்கம் ஓவர்ட்டன் ஹில்லில் தொடங்கி ஐவிங்ஹோ பீக்கன் வரை 139 கி.மீ. போகிறது, தேசிய நடைபாதையாகத் திறக்கப்பட்டது 1973இல். ஆனால் அந்தக் குன்றின் முதுகில் மனிதர்கள் நடக்கத் தொடங்கி ஐயாயிரம் ஆண்டு ஆகியிருக்கும் என்கிறார்கள். கீழே சமவெளி முழுக்கச் சேறும் காடுமாக இருந்த காலத்தில் மேட்டின் மேல் காலும் நனையாது, யார் வருகிறார்கள் என்பதும் தெரியும். அதே காரணத்துக்காகத்தான் முதல் தடவை வருபவருக்கு இதைச் சொல்கிறேன். தொலைந்துபோவது கஷ்டம், பார்வை நாலாபுறமும் போகும், ஏற்றம் அதிகமில்லை.

ஒரு பகலுக்கு ஆக்போர்ன் செயின்ட் ஜார்ஜிலிருந்து, குன்றுச் சரிவில் செதுக்கிய பழங்கால உருவமான அஃபிங்டன் வெள்ளைக் குதிரை வரை போங்கள். 20 கி.மீ.யை ஒட்டி வரும், பண்ணைக்கோ ஊருக்கோ கீழே இறங்கும் தூரத்தையும் சேர்த்தால் 23, 24. ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் 1892இல் சொன்ன கணக்கு ஒன்றை இங்கே இன்னமும் எல்லோரும் பயன்படுத்துகிறார்கள்: 5 கி.மீ.க்கு ஒரு மணி நேரம், 100 மீட்டர் ஏற்றத்துக்குக் கூடுதலாகப் பத்து நிமிடம். அதன்படி ஐந்து மணி நேரம். அது சுமை இல்லாத, நிற்காத ஆளின் கணக்கு. பத்துப் பன்னிரண்டு கிலோ முதுகில் இருந்து, படம் எடுத்து, சாப்பிட்டு, கேட் கேட்டாகத் திறந்து மூடிப் போனால் எட்டு மணி நேரம் என்று வையுங்கள். ஜூனில் சூரியன் மறைய இரவு ஒன்பதரை ஆகிவிடும் என்பதால் காலை பத்து மணிக்குத் தொடங்கினாலும் அவசரமே இல்லை. இதே நடையை டிசம்பரில் யோசிக்கவே வேண்டாம், நான்கு மணிக்கு இருட்டிவிடும்.

கிராமத்தை விட்டதும் ஏற்றம் தொடங்குகிறது, இரண்டு பக்கமும் வேலிச்செடி அடர்ந்த பாதை, மழை பெய்திருந்தால் முதல் அரைமணி நேரத்திலேயே இந்த மண் என்ன செய்யும் என்று தெரிந்துவிடும். இந்தக் குன்றுகள் முழுக்க வெள்ளைச் சுண்ணப்பாறை, கரும்பலகையில் எழுதுவோமே அந்த வகைதான், நடுநடுவே கருப்பாகக் கூர்மையாக ஃப்ளின்ட் கற்கள். காய்ந்திருந்தால் இதைவிட நல்ல தரை இல்லை. நனைந்தால் சோப்புக்கட்டி மேல் நடப்பதுதான், அதிலும் வண்டித்தடம் ஆழமாக விழுந்த இடங்களில் தடத்துக்குள் கால் வைக்காதீர்கள், நடுவில் புல் மேடு இருக்கும், அதன் மேல் போங்கள். ஃப்ளின்ட் கல் மெல்லிய அடியுள்ள ஓட்டக் காலணியில் நன்றாகவே குத்தும். கணுக்கால் வரை வரும் பூட்ஸ் கட்டாயம் என்று நான் சொல்லமாட்டேன், ஆனால் அடிப்பாகம் தடிமனாக இருக்கட்டும்.

மேலே ஏறியதும் லிடிங்டன் மேடு வரை நீண்ட முதுகு. வழியில் வலப்பக்கம் சற்றுத் தள்ளி ஸ்னாப் என்று ஒரு கிராமம் இருந்தது, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உழவு போய் ஆட்டு மேய்ச்சல் வந்ததும் வேலை இல்லாமல் ஆட்கள் கிளம்பிவிட, ஊரே காலியானது. இப்போது புதர்களுக்குள் கொஞ்சம் கல் மட்டும்தான். நேரம் இருந்தால் போகலாம், போகாவிட்டாலும் இழப்பில்லை. லிடிங்டன் கோட்டைக்குப் போவதை மட்டும் விடாதீர்கள். கோட்டை என்றால் மதில், கொத்தளம் எதுவும் இல்லை, இரும்புக் கால மக்கள் தோண்டிய அகழியும் மண்கரையும்தான். 277 மீட்டர் உயரம். அன்றைய நடையில் இதுதான் உச்சி. காற்று எப்போதும் இருக்கும், அகழிக்குள் இறங்கி உட்கார்ந்தால் காற்று சட்டென்று நின்றுவிடும், மதியச் சாப்பாட்டுக்கு அந்த இடம்தான். வானம்பாடிகள் தலைக்கு மேலே கண்ணுக்குத் தெரியாத உயரத்தில் விடாமல் பாடிக்கொண்டிருக்கும்.

அதற்கு அப்புறம் ஒரு கி.மீ.க்குச் சற்றுக் கூடுதலாக மோசமான பகுதி. குன்றிலிருந்து இறங்கித் தார்ச்சாலையில் வண்டிகளோடு நடக்க வேண்டும், பிறகு பாலத்தில் ஏறி எம்4 நெடுஞ்சாலையைக் கடக்க வேண்டும். ஐயாயிரம் ஆண்டுப் பாதை, கீழே மூன்று தடங்களில் லாரிகள். இரைச்சலும் புகையும் ஃபாக்ஸ்ஹில் தாண்டும் வரை கூடவே வரும். விளம்பரப் படங்களில் இதைக் காட்டமாட்டார்கள். சாலையில் எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி வலப்பக்கமாக நடங்கள், கண்ணை ஈர்க்கும் நிறத்தில் ஏதாவது பைமேல் கட்டிக்கொள்ளுங்கள்.

தண்ணீரைப் பற்றி இங்கே சொல்லிவிடுகிறேன், இந்தப் பாதையில் பலரைத் திணறடிப்பது அதுதான். பச்சைப்பசேலென்று இருக்கிறதே, ஓடை இருக்குமே என்று நினைப்பீர்கள். குன்றின் மேல் ஓர் ஓடை கிடையாது. சுண்ணப்பாறை மழையை அப்படியே உறிஞ்சி உள்ளே இறக்கிவிடும், அது கீழே களிமண் தட்டும் இடத்தில்தான் ஊற்றாக வெளியே வரும். அதனால்தான் பிஷப்ஸ்டன், ஆஷ்பரி, வுல்ஸ்டன் எல்லாக் கிராமங்களும் வரிசையாகக் குன்றின் அடிவாரத்தில் இருக்கின்றன, மேலே ஒன்றும் இல்லை. ஊருக்குள் போய்த் தண்ணீர் பிடிக்க, பப்பில் சாப்பிட என்றால் ஒவ்வொரு தடவையும் செங்குத்தாக இறங்கி மறுபடி ஏற வேண்டும். மாடுகளுக்கு வைத்திருக்கும் தொட்டித் தண்ணீரைக் குடிக்காதீர்கள். கிளம்பும்போதே இரண்டரை, மூன்று லிட்டர் எடுத்துக்கொண்டு, பிஷப்ஸ்டனிலோ ஆஷ்பரியிலோ ஒரு முறை மட்டும் இறங்குவதாகத் திட்டம் போடுங்கள். அந்த ஒரு இறக்கத்தைச் சாப்பாட்டு நேரத்தோடு பொருத்திக்கொள்ளுங்கள். கிராமத்துப் பப்களில் மதியச் சமையல் இரண்டு, இரண்டரை மணியோடு நின்றுவிடுவது சகஜம், பல இடங்களில் திங்கட்கிழமை கதவே திறக்காது, ஞாயிறு மாலை அடுப்பு எரியாது. போகும் முன் போன் செய்து கேட்டுவிடுவது உத்தமம்.

சைவம் இப்போது ஒரு பிரச்சினையே இல்லை, எந்தப் பப்பிலும் இரண்டு மூன்று வகை இருக்கும், ஆனால் சுவையைப் பற்றி நான் எந்த உறுதியும் தரமாட்டேன். பையில் வைத்துக்கொள்ள அவலைவிட நல்லது எதுவும் இல்லை. எடை இல்லை, வெந்நீர் ஊற்றி மூடிவைத்தால் ஐந்து நிமிடம், புளிக்காய்ச்சலோ பருப்புப்பொடியோ கலந்தால் ராத்திரிச் சாப்பாடு ஆயிற்று. ஊரிலிருந்து கொண்டுவருவதானால் நெய், பால்கோவா, தயிர்மிளகாய் போன்ற பால் கலந்தவற்றை எடுத்துவராதீர்கள், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து பால், இறைச்சிப் பொருட்களைப் பயணிகள் கொண்டுவரத் தடை இருக்கிறது. அடுப்புக்கான கேஸ் குப்பியை விமானத்தில் ஏற்றவே முடியாது. திருகிப் பொருத்தும் வகைச் சின்னக் குப்பியை லண்டனிலோ ஸ்விண்டனிலோ மலையேற்றச் சாமான் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள். விறகு நெருப்பு எந்தக் காரணத்துக்கும் வேண்டாம், ஜூன் புல் காய்ந்திருந்தால் குன்றே பற்றிக்கொள்ளும்.

ஃபாக்ஸ்ஹில்லுக்குப் பிறகு பாதை மறுபடி தன் அழகுக்குத் திரும்புகிறது. ஆறு கி.மீ. ஏறக்குறைய நேராக, அகலமாக, வெள்ளையாகப் போகும். இடப்பக்கம் பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும். தெற்கே லம்போர்ன் பக்கம் பந்தயக் குதிரைப் பயிற்சிக்குப் பேர் போனது. பாதையை ஒட்டிச் சீராக வெட்டிய புல்தடம் பார்த்தால் அது நடப்பதற்கு இல்லை, குதிரை ஓட. கால் வைக்காதீர்கள். தலைக்கு மேலே வால் பிளந்த பெரிய பருந்து வட்டமிட்டால் அது ரெட் கைட் என்னும் பறவை. இங்கிலாந்தில் முற்றிலும் அற்றுப்போயிருந்ததை 1989இல் தொடங்கி ஸ்பெயினிலிருந்து குஞ்சுகள் கொண்டுவந்து சில்டர்ன் குன்றுகளில் விட்டார்கள், இப்போது இந்தப் பக்கமெல்லாம் காக்கை மாதிரிச் சாதாரணமாகிவிட்டது.

மாடுகள் உள்ள வயல் குறுக்கிட்டால் கொஞ்சம் கவனம். ஆடுகள் ஓடிப்போய்விடும், மாடு அப்படியில்லை, கன்றோடு இருக்கும் மாடு ஆபத்தானது. சாலையில் படுத்துக்கிடக்கும் நம் ஊர் மாட்டைப் பார்த்துப் பழகிய துணிச்சலை இங்கே காட்ட வேண்டாம், இவை ஆளைப் பார்த்துப் பழகாதவை. கன்றுக்கும் தாய்க்கும் நடுவே போகாமல், ஓடாமல், விலகி நடங்கள். இளங்காளைக் கன்றுகள் கூட்டமாகப் பின்னாலேயே வரும். பெரும்பாலும் வேடிக்கை பார்க்கத்தான், திரும்பி நின்று கையை விரித்தால் நின்றுவிடும். திறந்த கேட்டைத் திறந்தபடியும் மூடிய கேட்டை மூடியும் விட்டுப் போங்கள். பாதையோரம் முழங்கால் உயரம் நெட்டில் செடி இருக்கும், நம் ஊர்க் காஞ்சொறி போலத்தான் அரிக்கும், அரைக்கால்சட்டை போட்டுக்கொண்டு ஒதுங்கினால் தெரியும். புல்லில் உட்கார்ந்து எழுந்தால் உண்ணி ஏறியிருக்கிறதா என்று காலையும் இடுப்பையும் இரவில் ஒரு தடவை பாருங்கள். லைம் நோயைக் கொடுப்பது அதுதான். சாமணம் போன்ற சின்ன இடுக்கி ஒன்று பையில் இருக்கட்டும்.

வேலண்ட்ஸ் ஸ்மிதிக்கு மாலை ஐந்து மணிக்கு மேல் போவது மாதிரிப் பார்த்துக்கொள்ளுங்கள், வெள்ளைக் குதிரையிலிருந்து வரும் சுற்றுலாக் கூட்டம் குறைந்திருக்கும். பீச் மரங்கள் வளையமாகச் சூழ்ந்த ஒரு நீள மண்மேடு, முன்னால் ஆளுயரத்தைத் தாண்டிய பெரிய கற்கள், உள்ளே குனிந்து போகிற அளவு அறை. ஐயாயிரத்து ஐந்நூறு ஆண்டுக்குச் சற்று முன்னே பின்னே கட்டிய ஈமச்சின்னம். பின்னால் வந்த சாக்சன்களுக்கு யார் கட்டியது என்று தெரியவில்லை, தங்கள் கொல்லுத் தெய்வமான வேலண்டின் பட்டறை என்று பெயர் வைத்துவிட்டார்கள். லாடம் தேய்ந்த குதிரையை ஒரு நாணயத்தோடு அங்கே கட்டிவிட்டு விலகிப் போனால் திரும்பி வரும்போது லாடம் அடித்திருக்கும், ஆனால் யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது என்று கதை. இன்னமும் கல் இடுக்குகளில் ஆட்கள் சில்லறையைச் செருகிவிட்டுப் போகிறார்கள். யாரும் கேட்கமாட்டார்கள் என்று அங்கேயே டென்ட் விரிப்பவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான். அது கல்லறை, பாதுகாக்கப்பட்ட சின்னமும்கூட, பக்கத்தில் அடுப்பு மூட்டிய கரி அடையாளங்களை நானே பார்த்திருக்கிறேன்.

அங்கிருந்து அரைமணி நேரம் ஏறினால் அஃபிங்டன் கோட்டை, 261 மீட்டர், ஆக்ஸ்ஃபர்ட்ஷயரின் மிக உயர்ந்த இடம். அதன் கீழ்ச்சரிவில் வெள்ளைக் குதிரை. 110 மீட்டர் நீளம், ஏறக்குறைய மூவாயிரம் வயது. புல்லைச் செதுக்கிப் பள்ளம் வெட்டி உள்ளே சுண்ணத்தை இடித்து நிரப்பிய கோடுகள். முதலில் ஓர் ஏமாற்றத்துக்குத் தயாராகிக்கொள்ளுங்கள், குன்றின் மேல் நின்றால் குதிரை தெரியாது. ஒரு காதும் கண்ணும், கால் மாதிரி ஒரு வளைவும் தெரியும், அவ்வளவுதான். முழு உருவம் கீழே பள்ளத்தாக்கில் சில கி.மீ. தள்ளி நின்றால்தான் பிடிபடும். எனக்கு இதில் வியப்பே வேறு இடத்தில்: சில பத்தாண்டுகள் கவனிக்காமல் விட்டால் புல் மூடி உருவம் போய்விடும். அப்படியானால் ரோமானியர் வந்து போனபோதும், சாக்சன்கள் வந்தபோதும், மொழியும் மதமும் மாறியபோதும் யாரோ ஒருவர் ஏறி வந்து களையெடுத்துச் சுண்ணம் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்கள். இப்போதும் கோடையில் தன்னார்வலர்கள் சுத்தியலோடு மண்டியிட்டு இடிக்கிறார்கள். வேண்டுமென்றே மறைத்தது இரண்டாம் உலகப் போரின்போது, ஜெர்மன் விமானங்களுக்கு அடையாளமாகிவிடக் கூடாது என்று புல்லும் தழையும் போட்டு மூடினார்கள். பக்கத்திலேயே தட்டையான தலையோடு ஒரு சின்னக் குன்று, டிராகன் ஹில், உச்சியில் புல் முளைக்காத ஒரு திட்டு. புனித ஜார்ஜ் கொன்ற டிராகனின் ரத்தம் சிந்திய இடமாம்.

இந்தக் குன்றின் மேல் டென்ட் வேண்டாம். பாரம்பரிய இடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை பராமரிக்கும் இடம், தொல்லியல் சின்னம், கார் நிறுத்தம் பக்கத்தில். அடிவாரத்தில் பேசிவைத்த பண்ணைக்கு ஏழரை மணி வாக்கில் இறங்கிவிடுங்கள். டென்ட் போடப் பள்ளத்தைத் தேடாதீர்கள், குளிர்ந்த காற்று இரவில் பள்ளத்தில்தான் தேங்கும், பனி அதிகம் இறங்கும். வேலிச்செடிக்குச் சற்றுத் தள்ளி, காற்று வரும் திசைக்கு டென்டின் முதுகைக் காட்டி, லேசான மேட்டில் போடுங்கள். ஜூன்தானே என்று மெல்லிய போர்வையோடு வராதீர்கள், விடியற்காலையில் ஏழெட்டு டிகிரிக்குப் போவது சாதாரணம்; 5 டிகிரி வரை தாங்கும் ஸ்லீப்பிங் பேக்கும், அடியில் விரிக்கக் காற்றடைத்த பாய் ஒன்றும் வேண்டும். குளிர் மேலிருந்து வருவதைவிடத் தரையிலிருந்துதான் அதிகம் ஏறும். வாசல் ஜிப்பை மேலே ஒரு சாண் திறந்து வையுங்கள், இல்லையென்றால் மூச்சின் ஈரமே உட்பக்கத் துணியில் முத்து முத்தாகக் கோத்து, காலையில் தலை இடித்ததும் கழுத்தில் கொட்டும். காலணியை வெளியே வைக்காதீர்கள். ஓடில்லாத பழுப்பு நத்தைகள் இரவோடு இரவாக ஏறி உள்ளே சுருண்டிருக்கும், காலை ஐந்து மணிக்கு வெறுங்காலில் அதைக் கண்டுபிடிப்பது நல்ல அனுபவம் இல்லை.

தூக்கத்தைப் பற்றிப் பெரிய நம்பிக்கை வேண்டாம். பத்தரை மணிக்கும் வடக்கே வானத்தில் வெளிச்சம் இருக்கும், மூன்றரை, நான்குக்குப் பறவைகள் தொடங்கிவிடும், காட்டுப்புறா ஒன்று டென்டுக்கு மேலேயே உட்கார்ந்து ஒரே ஐந்தெழுத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லும். கண்ணைக் கட்டத் துணி, காதுக்குப் பஞ்சு. காலைக்கடன், பண்ணையில் கழிப்பறை இருந்தால் சரி. இல்லாவிட்டால் தண்ணீரிலிருந்து 30 மீட்டராவது தள்ளி ஒரு சாண் ஆழம் தோண்டி மூடிவிட்டு, காகிதத்தைப் பையில் கட்டி எடுத்துவந்துவிட வேண்டும்.

மறுநாள் அஃபிங்டனிலேயே பேருந்து தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம், கிராமத்துப் பேருந்துகள் மிகக் குறைவு. மறுபடி மேலே ஏறிப் பாதையிலேயே கிழக்கே போங்கள். நான்கு கி.மீ. வாக்கில் ஸ்பார்ஷோல்ட் ஃபர்ஸ் பக்கம் ஹில் பார்னில் நடப்பவர்களுக்கென்றே ஒரு குடிநீர்க் குழாய் இருக்கிறது, குன்றின் மேல் கிடைக்கும் அபூர்வமான தண்ணீர் அது. பிறகு டெவில்ஸ் பஞ்ச்போல் என்ற பெரிய பள்ளம், செக்ஸ்பரி மண்கோட்டை, அங்கிருந்து வடக்கே இறங்கினால் வான்டேஜ் நகரம். மொத்தம் 13, 14 கி.மீ., மதியச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம். வான்டேஜிலிருந்து ஆக்ஸ்ஃபர்டுக்கும் டிட்காட்டுக்கும் பேருந்து உண்டு, இரண்டிலிருந்தும் லண்டனுக்கு ரயில். பழைய பயணக் குறிப்புகளில் டிட்காட் மின்நிலையத்தின் ராட்சதக் கோபுரங்களைப் பார்த்துத் திசை வைத்துக்கொள்ளச் சொல்லியிருப்பார்கள், அதை நம்பாதீர்கள், 2014இல் மூன்றையும் 2019இல் மிச்ச மூன்றையும் வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள்.

வழி காட்ட ஏகார்ன் எனப்படும் ஓக் மரக் கொட்டையின் சின்னம் கம்பங்களில் இருக்கும், எல்லாத் தேசிய நடைபாதைகளுக்கும் அதுதான் முத்திரை. மற்றப் பாதைகள் பிரியும் இடத்தில் மஞ்சள் அம்பு என்றால் நடப்பவர்களுக்கு மட்டும், நீலம் என்றால் குதிரையும் சைக்கிளும் வரலாம், சிவப்பு என்றால் மோட்டார் வண்டியும் வரலாம். பிரிட்டனின் அரசு நில அளவை அமைப்பான ஆர்டினன்ஸ் சர்வேயின் 1:25,000 வரைபடத்தைப் போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு வயலின் வேலியும் அதில் இருக்கும். கூகுள் வரைபடத்தை இங்கே நம்ப வேண்டாம், அது பொதுவழிக்கும் பண்ணைக்காரரின் சொந்த வழிக்கும் வித்தியாசம் பார்க்காது.

தனியாகப் போகலாமா என்றால், தாராளமாகப் போகலாம். பெண்கள் தனியே நடப்பதும் இங்கே சகஜம். எதிரே வருபவர் ஒரு ‘மார்னிங்’ சொல்வார், நீங்களும் சொல்லிவிட்டுப் போகலாம், அதற்கு மேல் பேச்சை வளர்க்க வேண்டியதில்லை. இரவு எங்கே தங்குகிறீர்கள் என்பதை லண்டனில் யாராவது ஒருவரிடம் சொல்லிவையுங்கள். குன்றின் மேல் போனில் சிக்னல் பெரும்பாலும் இருக்கும், அடிவாரக் கிராமங்களில் திடீரென்று போய்விடும், அதனால் பண்ணைக்காரருக்குச் சொல்ல வேண்டியதை இறங்கும் முன்பே மேலிருந்து சொல்லிவிடுங்கள். அவசரம் என்றால் 999 அல்லது 112, இந்திய சிம் போட்ட போனிலிருந்தும் போகும்.